எருமை வளர்ப்பு: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

தாமிரபரணி வாய்க்கால் பாசனத்திலும், சங்கரன்கோவில், மானூர் பக்கத்து மானாவாரி ஊர்களிலும் எருமை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். பாதித் தொல்லைக்கு மேல் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது: எருமையைக் கறுப்பு நிறப் பசு என்று நினைத்து வளர்ப்பது.

ரெண்டு மாடு வாங்கலாம்னு இருக்கேன். கலப்பினப் பசுவா, எருமையா, எது அண்ணாச்சி கட்டுபடியாகும்?

லிட்டர் கணக்கில் பசுதான் ஜெயிக்கும். கொழுப்புக் கணக்கில் எருமை. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவில் இருக்கும். கலப்பினப் பசுவின் பாலில் நாலு வந்தாலே நல்ல பால். 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தியபோது பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய், எருமைப்பால் 44 ரூபாய் என்று வைத்தார்கள். 2023 டிசம்பரில் இரண்டுக்கும் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. லிட்டருக்கு 9 ரூபாய் வித்தியாசம். டீக்கடைக்கோ வீடுகளுக்கோ நேரடியாக ஊற்றினால் வித்தியாசம் இன்னும் கூடும்.

எருமைக்குச் சாதகம், வைக்கோலையும் முரட்டுத் தீனியையும் பசுவைவிட நன்றாகச் செரித்துப் பாலாக்கும். பாதகம், கன்று ஈன்று அடுத்த கன்று ஈனுவதற்கான இடைவெளி நீளம். நன்றாகப் பராமரித்தாலே 14, 15 மாதம். விட்டுவிட்டால் ஒன்றரை, இரண்டு வருடம் இழுத்துவிடும். சொந்த வைக்கோலும், நிழலும், தண்ணீரும் இருந்தால் எருமை வாங்குங்கள். எல்லாத் தீனியையும் மூட்டையாக விலைக்கு வாங்கித்தான் போட வேண்டும் என்றால் எருமை வேண்டாம்.

முர்ரா தான் வாங்கணுமா? நாட்டு எரும போதாதா?

முர்ரா அரியானா பக்கத்து இனம். கொம்பு சுருண்டு இறுக்கமாக இருக்கும், உடல் கன்னங்கரேலென்று இருக்கும், நல்ல மாடு நாளைக்கு 8 முதல் 10 லிட்டர் கறக்கும். நம்ம ஊர் நாட்டு எருமை 2 முதல் 4 லிட்டர். ஆனால் வடக்கிலிருந்து லாரியில் வந்து இறங்கும் முர்ரா, தீனியும் தண்ணீரும் தட்பவெப்பமும் மாறியதில் முதல் ஈத்தில் சொன்ன பாலைத் தருவது அபூர்வம். விலை கொடுத்தவர் அதற்குள் மனசு விட்டுப்போய் விற்றுவிடுகிறார்.

முதல் முறை வளர்ப்பவர் நல்ல நாட்டு எருமையையோ, முர்ரா கலந்த எருமையையோ வாங்கி, அதற்கு முர்ரா சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டு, பிறக்கும் கிடேரியை வளர்ப்பதே புத்திசாலித்தனம். தமிழ்நாட்டுக்கென்று நீலகிரியில் தோடர் எருமை உண்டு. அது மலைக்குளிருக்கானது, இங்கே யோசிக்க வேண்டாம்.

சந்தைல மாடு பாக்கும்போது என்னென்ன பாக்கணும்?

முதலில் பல். கீழ்த்தாடை முன்பல்லைத்தான் பார்க்க வேண்டும். மேல்தாடையில் முன்பல் கிடையாது. நிலைப்பல் இரண்டு முளைத்திருந்தால் சுமார் இரண்டரை முதல் மூன்று வயது, எட்டும் சேர்ந்திருந்தால் ஐந்து, ஆறு வயது. பல் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் நகர்ந்துவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஈத்து, ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடுதான் வாங்க நல்லது.

அடுத்தது மடி. சந்தைக்குக் கொண்டுவரும் முன் ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய தந்திரம். கறந்து முடித்த பிறகு மடி தோல்பை மாதிரி சுருங்க வேண்டும். கறந்த பிறகும் கல் போல இருந்தால் அது பால் இல்லை, பழைய மடிநோயில் இறுகிய சதை. நாலு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி திரியாக விழுந்தால் வேண்டாம். முடிந்தால் வீட்டில் போய் தொடர்ந்து மூன்று வேளை கறவை பாருங்கள். முதல் வேளையைக் கணக்கில் எடுக்காமல் மற்ற இரண்டையும் கூட்டினால்தான் ஒரு நாள் பால்.

பக்கத்தில் கட்டியிருக்கும் கன்று அந்த மாட்டுக்கு உரியதுதானா என்றும் பாருங்கள். தாய் அதை முகர்ந்து நக்க வேண்டும். "சினை மாடு" என்று சொன்னால் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும், வயிற்றின் அளவை நம்ப வேண்டாம்.

எங்க ஊர்ல குளம் தை மாசமே வத்திருது. தண்ணி இல்லாம எரும வளக்க முடியுமா?

முடியும், ஆனால் குளம் செய்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி பசுவுக்கு இருப்பதில் ஆறில் ஒரு பங்குக்கு அருகில்தான். கறுப்புத் தோல் வெயிலை உறிஞ்சும், மேலே முடியும் குறைவு. அதனால் உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்குத் தண்ணீரும் சேறும்தான் வழி. மேலே காய்ந்த சேறு ஈ, கொசு கடிக்காமலும் காக்கும்.

குளம் இல்லாவிட்டால் பங்குனி முதல் ஆவணி வரை பகல் பதினோரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை உடம்பு முழுக்க நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். வேம்பு, புளி நிழல் இருந்தால் அதைவிட நல்ல கூரை இல்லை. தகரக் கொட்டகை என்றால் மேலே பனையோலையோ தென்னங்கீற்றோ பரப்புங்கள். மாடு வாயைத் திறந்து இரைத்தால், நாக்கு வெளியே தொங்கினால், அன்றைய பாலோடு அடுத்த சினைப்பருவமும் கெடுகிறது என்று அர்த்தம்.

சேற்றில் புரண்டு வரும் மாட்டை அப்படியே கறக்கக் கூடாது. மடியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கறக்க வேண்டும். கறந்து முடிந்ததும் அரை மணி நேரம் காம்புத்துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணியிலோ சேற்றிலோ படுத்தால் மடிநோய் உள்ளே போய்விடும். கறந்த கையோடு தொட்டியில் தீனி வையுங்கள், தின்றுகொண்டே நிற்கும்.

தீனி எவ்வளவு போடணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ.

450 கிலோ எடையுள்ள, 6 லிட்டர் கறக்கும் எருமைக்கு ஒரு நாளைக்கு: பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, வைக்கோல் அல்லது சோளத்தட்டை 5, 6 கிலோ, அடர்தீவனம் 4 கிலோ. அடர்தீவனக் கணக்கு சுலபம். உடம்புக்கு ஒரு கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. அதோடு தாது உப்புக்கலவை 50 கிராம், சாதாரண உப்பு 30 கிராம். குடிக்கத் தண்ணீர் கோடையில் 60, 70 லிட்டருக்குக் குறையாது.

பருத்திக்கொட்டையும் எள்ளுப்புண்ணாக்கும் கொழுப்பைக் கூட்டும் என்று இங்கே நம்பிக்கை உண்டு, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அவை மட்டும் அடர்தீவனம் ஆகாது. தவிடு, உடைத்த சோளம் அல்லது மக்காச்சோளம் கலக்க வேண்டும். கழுநீர் ஊற்றுவதைத் தீனிக் கணக்கில் சேர்க்காதீர்கள். இளஞ்சோளத்தில் நச்சு இருக்கும், பூப்பதற்கு முன், குறிப்பாக 45 நாளுக்குள்ளும், மழை இல்லாமல் வாடிய பயிரிலும் மாட்டை விடவே கூடாது.

கார் வைக்கோல் குடுத்தா மாடு நோஞ்சானாவுது, பிசான வைக்கோல்தான் நல்லதுங்காவ. ரெண்டும் நெல்லுதான?

நெல்தான், ஆனால் காயும் காலம் வேறு. கார் பருவத்தில் நடவு ஆனி வாக்கில், அறுப்பு புரட்டாசி, ஐப்பசி வாக்கில், மழை சேர்கிற நேரம். பிசானம் மாசி, பங்குனி வெயிலில் அறுக்கிறோம். கார் வைக்கோல் ஈரத்தோடு படப்பில் (வைக்கோல் போரில்) ஏறினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், கறுத்துப் போகும், புளித்த வாசம் வரும். மாடு அதை ஒதுக்கும். பசியில் தின்றால் கழிச்சல், பால் குறைவு, சினை மாட்டுக்குக் கருக்கலைவுகூட நேரும். மெஷின் அறுப்பில் கட்டும் உருளைக் கட்டில் இது இன்னும் மோசம். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் கை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். கார் கட்டு வாங்கினால் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நல்ல காய்ந்த வைக்கோலிலும் சத்து குறைவுதான். யூரியா பதப்படுத்தினால் செரிமானம் கூடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து இறுக்கி, பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். திறந்ததும் கண்ணெரிகிற நெடி வந்தால் சரியாகியிருக்கிறது. அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியாவை நேராகத் தண்ணீர்த் தொட்டியிலோ தவிட்டிலோ கலந்து வைத்தவர்கள் மாட்டை இழந்திருக்கிறார்கள்.

வாழத்தார் வெட்டுன பொறவு தண்டு சும்மாதான கெடக்கு, அத போடலாமா?

சேரன்மகாதேவி, களக்காடு பக்கம் அது இலவசத் தீனிதான். துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள், நாளைக்கு 10, 15 கிலோ வரை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதில் தண்ணீர், ஆகவே வயிறு நிறையும், பால் வராது. வைக்கோலுக்குப் பதிலாக அல்ல, வைக்கோலோடு. மருந்தடித்த தோட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டுச் சோறு ஒரு அண்டா மிஞ்சுச்சு. மாட்டுக்குப் போட்டோம், இப்ப வயிறு ஊதி படுத்துக் கெடக்கு.

பொங்கல், கோயில் கொடை, கல்யாணம் முடிந்த மறுநாள் வருகிற கேள்வி இது. சோறு, அரிசி, கஞ்சி அதிகமாக உள்ளே போனால் முதல் வயிற்றில் அமிலம் ஏறி அசை போடுவது நின்றுவிடும். புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழியும், பல்லை நறநறவென்று கடிக்கும், பிறகு எழாது. ஒரு இரவு தாமதித்தால் மாடு போய்விடும்.

மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸும் உண்டு. அவர் வரும்வரை, மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்குகிற நிலையில் இருந்தால் மட்டும், 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வாயோரமாக மெதுவாகப் புகட்டலாம். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் ஊற்ற வேண்டாம். மிச்சச் சோறு நாளைக்கு ஒரு கிலோவுக்குள் என்றால் பயமில்லை.

ஈன்று ஆறு மாசமாச்சு, இன்னும் கத்தவே மாட்டேங்கி. மலடாயிருச்சோ?

பெரும்பாலும் இல்லை. எருமை பசு மாதிரி ஊரைக் கூட்டிக் கத்தாது. சினைப்பருவ அறிகுறி அடங்கியே இருக்கும், அதுவும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குத் தொழுவுக்குப் போங்கள். மாடு படுத்திருக்கும் இடத்தில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான திரவம் தரையில் கிடக்கிறதா பாருங்கள். பசுவைப்போல் வாலில் சரமாகத் தொங்காது, படுக்கும்போதுதான் வடியும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், அறை (பிறப்புறுப்பின் வாய்) வீங்கும், பால் திடீரென்று குறையும், தீனியில் கவனம் இருக்காது. 21 நாளுக்கு ஒருமுறை இது வரும், ஆகவே பார்த்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

காலையில் பார்த்தால் அன்று மாலை சினை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. சித்திரை முதல் ஆடி வரை பல எருமைகள் பருவத்துக்கே வராது. குளம் பற்றிய பதிலில் சொன்ன சூடுதான் காரணம். அந்த மாதங்களில் குளிர்ச்சியும் தாது உப்பும் கொடுத்து வந்தால் புரட்டாசிக்குப் பிறகு தானாக வரும். அப்போதும் வராவிட்டால் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டுபோகலாம்.

ஒம்பது மாசம் தாண்டியும் ஈனல. பயமா இருக்கு.

பசுவுக்கு 280 நாள், எருமைக்கு 310 நாள். அக்டோபர் 1-ல் ஊசி போட்டிருந்தால் பசு ஜூலை 8 வாக்கில் ஈனும், எருமை ஆகஸ்ட் 7 வாக்கில்தான். ஐந்து நாள் முன்பின் இருக்கலாம். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்துங்கள்.

ஈன்ற பிறகு 12 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிட்டால் மருத்துவர் வேண்டும். கல்லைக் கட்டித் தொங்கவிடுவது, கையால் இழுப்பது இரண்டும் கருப்பையைக் கிழிக்கும்.

எருமக் கன்னு மட்டும் ஏன் இப்படிச் சாவுது? வருசத்துக்கு ஒண்ணு போயிருது.

பெரும்பாலும் இரண்டே காரணம்: சீம்பால் தாமதம், குடற்புழு. "நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால்" என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிறந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டர். நேரம் போகப் போக அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் ஏற்காது. தொப்புள் கொடியை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி டிங்க்சர் அயோடினில் முக்குங்கள்.

குடற்புழு எருமைக்கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே வருகிறது, மண்ணைத் தின்னாவிட்டாலும் வரும். சாணி களிமண் நிறத்தில் நாறும், முடி சிலிர்த்து நிற்கும், வயிறு மட்டும் பானையாகும். பிறந்த பத்து, பதினைந்து நாளில் முதல் புழு நீக்க மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. மருந்து அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

கன்னு செத்துப்போச்சு, இப்ப மடியில கையே வைக்க விட மாட்டேங்கி. ஊசி போட்டுக் கறக்கலாமா?

எருமையின் மடியில் பால் தேங்குகிற பள்ளம் மிகச் சிறியது. கிட்டத்தட்ட எல்லாப் பாலும் மேலே சுரப்பியில்தான் நிற்கும். மாடு "சுரந்து" விட்டால்தான் கீழே இறங்கும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பசுவைக் கறந்து பழகியவர் அதற்குள் பொறுமை இழந்து காம்பை இழுப்பார், மாடு இன்னும் அடக்கிக்கொள்ளும்.

பால் இறங்க ஆக்சிடோசின் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பழகிவிட்டால் ஊசி இல்லாமல் மாடு சுரக்காது, பருவமும் குழம்பும். அதற்குப் பதில்: அதே ஆள், அதே நேரம், அதே இடம், முன்னால் அடர்தீவனம் வைத்து, வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி இரண்டு நிமிடம் தடவிக் கொடுங்கள். முதல் வாரம் பால் குறையும், சில மாடு வற்றியும் விடும். பிறந்த நாளிலிருந்தே கன்றை ஊட்டவிடாமல் பாத்திரத்தில் பால் புகட்டி வளர்த்தால் அடுத்த ஈத்தில் இந்தப் பாடு இல்லை.

எருமப்பால்ல பாதி தண்ணி ஊத்தி பசும்பால்னு விக்காங்களாம, கண்டுபிடிக்க முடியாதா?

முடியும். எருமைப்பாலில் கொழுப்பு 7, கொழுப்பில்லாத திடப்பொருள் 9 என்று வைத்தால், சரிபாதி தண்ணீர் சேர்ந்ததும் 3.5, 4.5 ஆகிவிடும். கொழுப்பு பசும்பால் மாதிரி தெரியும், ஆனால் பசும்பாலில் திடப்பொருள் 8.3 இருக்க வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கத்து மிஷின் உடனே காட்டிவிடும். அதை மறைக்கப் பால்பவுடர் கலப்பவர்களும் உண்டு. நிறமும் சொல்லும்: எருமைப்பாலில் மஞ்சள் நிறச்சத்து இல்லாததால் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

ஒரு கிலோ நெய்க்கு எத்தன லிட்டர் பால்?

7 சதவீதக் கொழுப்பில் 15 முதல் 17 லிட்டர். உறை ஊற்றிக் கடையும்போது மோரோடு கொஞ்சம் போவதையும் சேர்த்த கணக்கு. எருமை நெய் வெள்ளையாகவும் மணல் மணலாகவும் இருப்பது கலப்படம் அல்ல.

மழை விழுந்தா ஒரே ராத்திரில தொண்ட வீங்கி மாடு சாவுதே, என்ன நோய்?

தொண்டை அடைப்பான். பசுவைவிட எருமையைத்தான் அதிகம் தாக்கும். கடும் காய்ச்சல், எச்சில் ஒழுகல், தொண்டை வீக்கம், குறட்டை விடும் மூச்சு, ஒரு நாளுக்குள் சாவு. வீக்கம் வந்த பிறகு வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது. மழைக்காலத்துக்கு முன் ஆண்டுக்கொரு தடுப்பூசிதான் வழி. தென்காசிப் பக்கம் சாரலுக்கு முன்பே போட்டுவிடுங்கள், கிழக்கே ஐப்பசிக்கு முன்.

தாடைக்கு அடியில் மெத்தென்று வீங்கி, காய்ச்சல் இல்லாமல், மாடு மெலிந்துகொண்டே வந்தால் அது வேறு. வாய்க்கால் ஓரத்து நத்தை வழியாக வரும் ஈரல் தட்டைப்புழு. தண்ணீரில் நிற்கும் புல்லின் அடித்தண்டில்தான் அதன் இளம்புழுக் கூடு ஒட்டியிருக்கும், ஆகவே வரப்போரப் புல்லை வேரோடு அறுக்காமல் மேலாக அறுங்கள். உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை இதற்குப் போதாது. தட்டைப்புழுவுக்கென்று தனி மருந்து கேட்டு வாங்குங்கள், சினையாக இருந்தால் அதையும் சொல்லி.

சினை மாட்டுக்கு படுக்கும்போது பின்னால செவப்பா ஏதோ தள்ளுது, எந்திச்சா உள்ள போயிருது.

இது பிறப்புப்பாதை வெளியே தள்ளுவது. சினையின் கடைசி மாதங்களில் எருமைக்கு இது அடிக்கடி வரும். பின்னங்கால் பக்கம் அரை அடி உயரமாக மண் போட்டு மேடாக்கிக் கட்டுங்கள், வைக்கோலைக் குறைத்து ஒரே நேரத்தில் வயிறு முட்டாமல் பிரித்துப் போடுங்கள். உள்ளே போகாமல் நின்றுவிட்டால் சுத்தமான குளிர்ந்த நீரால் கழுவி, ஈரத்துணியால் தாங்கிப் பிடியுங்கள், காக்கையும் நாயும் நெருங்காமல் காவல் நில்லுங்கள். உள்ளே தள்ளுவது மருத்துவர் வேலை.

கடாக்கன்னு பொறந்தா நட்டம்தானா? முந்தி எரும பூட்டி உழுதாவளே.

தொளி (சேற்று) உழவுக்கும் மரமடிக்கும் (பலகையால் வயலைச் சமன் செய்வது) கடாவைப்போல மாடு கிடையாது. அகன்ற குளம்பு ஆழச் சேற்றில் புதையாது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பூட்டி ஒன்பது, பத்து மணிக்கு அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், வெயிலில் இழுக்காது. இப்போது கூண்டுச் சக்கர டிராக்டர் வந்தபின் ஜோடி வைத்திருப்பவர் மிகச் சிலர். சிறு வயல், டிராக்டர் இறங்காத உளை என்றால் மட்டும் வளர்க்கலாம். கடாக்கன்று என்று பாலைக் குறைத்துப் பட்டினி போடுவது, மேலே சொன்ன சுரப்புப் பிரச்சினையை நீங்களே வரவழைப்பது.

எரும மாட்டு மேல மழ பேஞ்ச மாதிரிங்காவளே, அதுக்கு நிசமாவே உறைக்காதா?

மழை அதற்குச் சுகம், அதனால் நகராமல் நிற்கிறது. அதட்டலும் புது ஆளும் நன்றாகவே உறைக்கும். அன்றைக்குப் பாலைப் பார்த்தால் தெரியும்.

சாணி எரிவாயுவுக்கு எத்தன மாடு வேணும்?

2 கன மீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணியும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் பெரிய எருமை 15 முதல் 20 கிலோ போடும், ஆகவே மூன்று மாடு. பகலில் மேய்ச்சலுக்குப் போனால் பாதி காட்டிலேயே விழுந்துவிடும், அப்போது குறைந்தது ஐந்து மாடு வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுத்தும் பணம் வரலங்காவ. எங்க தப்பு?

காதுவில்லையில், அதாவது காதில் குத்தும் எண் தகட்டில். செத்த மாட்டின் காதில் வில்லை இல்லையென்றால் கோரிக்கை நிற்காது. வில்லை கழன்று விழுந்த அன்றே அலுவலகத்துக்கும் மருத்துவருக்கும் எழுதிக் கொடுத்துப் புது வில்லை போட்டு, அந்த எண்ணைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். மாடு இறந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும், பிரேதப் பரிசோதனை முடிவதற்கு முன் புதைக்கக் கூடாது. வில்லையோடு மாட்டின் முகமும் உடலும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வைத்திருக்க முடியாது என்று அவசரமாகப் புதைத்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் பணம் வராமல் போகிறது. ஒரு விதிவிலக்கு: மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்து திடீரென்று இறந்த மாடு என்றால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மேலே சொன்ன தொண்டை அடைப்பான் அல்ல. அதை அறுக்கவே கூடாது. யாரும் தொடாமல், மருத்துவர் வந்து ரத்தத்துளி எடுத்துப் பார்த்து எழுதித் தரும் சான்றை வைத்து, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.